பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

பெரியப்பாவின் பெட்டியில் இருந்த கடைசித் தாளையும் போன ஞாயிற்றுக்கிழமை துடைத்து உறையில் போட்டுவிட்டோம். உங்களுக்கு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் அத்தை. 1998இல் பெரியப்பா இறந்ததும், பழைய பேப்பர்காரருக்குப் போக இருந்த பெட்டியைத் திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோய் உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். உள்ளே இருப்பது காதல் கடிதங்கள், எழுதியவரும் ஓர் ஆண் என்பது அப்போதே உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம்தான் வாய் திறந்தீர்கள்: “அண்ணன் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சாரு?”

நூலகவியல் படிக்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. துருப்பிடித்த கிளிப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, அடியில் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சொருகித் தளர்த்தி எடுக்க வேண்டும் என்று நீ காட்டித் தராவிட்டால் பாதித் தாள் கிழிந்திருக்கும். ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான்.

ஆசிரியை அக்கா, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்துத் தாள்களைப் படித்துச் சொன்னது நீங்கள். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் கணக்கெழுதிய பதினேழு வயதுப் பையன், கணக்குத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கதை எழுதியிருக்கிறான். 1950இல் தமிழ் நேசன் நாளிதழ் கதை வகுப்பு நடத்தியபோது அனுப்பிய கதைகளின் நகலும் கிடைத்தது. அச்சுக்கு அனுப்பாத கதைகள் தனிக் கட்டு. அதன் மேலே 1971ஆம் ஆண்டுப் பத்திரிகைத் துண்டு ஒன்று. ஆங்கில எழுத்தாளர் ஃபார்ஸ்டர் 1913, 14இல் எழுதிப் பூட்டி வைத்த ‘மாரிஸ்’ நாவல், அவர் இறந்த மறுவருஷம் வெளிவந்த செய்தி. இரண்டு ஆண்களின் காதல் கதை. பெரியப்பா அதைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். அந்தக் கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதங்களை எடுத்துவிட்டுக் கதைகளை மட்டும் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். மனசு கேட்கவில்லை. எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும் என்று என்னோடு நின்ற அத்தனை பேருக்கும் கைகூப்புகிறேன். ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் எழுதி வைத்த 377ஆம் பிரிவை இந்தியாவில் 2018இல் தளர்த்திவிட்டார்கள், இங்கே மலேசியாவில் அப்படி நடக்கவில்லை. அதனால்தான் இந்த மடலில் யார் பெயரும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், தைப்பிங் அண்ணன். உங்கள் சித்தப்பா பத்திரப்படுத்திய கடிதங்களை மைலோ டின்னோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். அதுவரை எங்களிடம் பதில்கள் மட்டுமே இருந்தன. அன்று ராத்திரி இரண்டையும் தேதிவாரியாகத் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். 1962 தீபாவளிக்கு முன்னால் பெரியப்பா கேட்டிருந்தார்: “வேட்டி எடுத்துவிட்டேன். பச்சைக் கரை. பிடிக்குமா?”

பதில் அத்தையின் கட்டிலுக்கு அடியில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது: “நீ எடுத்தது. பிடிக்காமல் போகுமா?”

நன்றியுடன்,
பினாங்கிலிருந்து உங்கள் வீட்டுப் பிள்ளை