அப்பாவை விமானத்திலேயே கூட்டிப்போ

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி எழுந்து நடக்கிறாள் என்ற பகுதியை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இங்கே எல்லோரும் சுகம்.

அப்பாவைப் பெரம்பூரில் உன் வீட்டுக்குக் கூட்டிப்போக, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாய். ஆகாயத்தில் நேர்கோடாகப் பார்த்தால் சுமார் 530 கிலோமீட்டர். நெல்லையிலிருந்து மதுரை, திருச்சி என்று வளைந்து போகும் ரயிலுக்கு 650 வந்துவிடும். இறக்கையில் விசிறி சுழல்கிற ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போகும். அப்படியானால் ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் டிக்கெட்டில் ஒன்றரை மணி, சிலதில் அதற்கு மேலும் போட்டிருக்கும். நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பதுவரை சேர்த்த கணக்கு அது. விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது.

நீ பார்க்க வேண்டியது வீட்டு வாசல் கணக்கு. இங்கிருந்து வாகைக்குளம் 35 கிலோமீட்டர் போல, நால்வழிச் சாலையில் முக்கால் மணி. இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். அங்கே இறங்கி, பெட்டி எடுத்து, பெரம்பூர் போய்ச் சேர இரண்டு மணியாவது ஆகும். ஆக, ஆறு மணிக்கு மேல்! 2023 செப்டம்பரில் விட்ட வந்தே பாரத் ரயிலுக்கு நெல்லையிலிருந்து எழும்பூர் வரை 7 மணி 50 நிமிடம். பெரிய வித்தியாசம் இல்லை, பார்.

ஆனாலும் அப்பாவுக்கு விமானம்தான் சரி. போன வருஷம் எங்கள் அம்மாவைப் பகல் ரயிலில் கூட்டிப்போனேன். திண்டுக்கல் தாண்டுமுன் முழங்கால் வீங்கிவிட்டது. காலை நீட்ட இடமில்லை. எழும்பூரில் இறங்கும்போது என் தோளை அவள் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. விமானத்தில் மடக்கி உட்காரும் நேரம் ஒன்றரை மணிதான். மற்ற நேரமெல்லாம் எழுந்து நிற்கலாம், சாய்ந்துகொள்ளலாம்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடு. ஏ.டி.ஆர். என்றால் பின்வரிசையில் இடம் கேள். கதவு வால் பக்கம், படியும் கொஞ்சம்தான். ஜன்னலோரம் அவருக்கு. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே நிலம் மறைக்காது. உப்பளத்தையும் பனங்காட்டையும் மேலிருந்து பார்க்கட்டும், இத்தனை வயதில் ஒரு தடவையாவது.

வாகைக்குளம் இப்போது அடையாளம் தெரியாது. ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்தது, இப்போது 3,115. 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். பெரிய ஜெட்டும் இறங்கலாம். இந்தத் தூரத்துக்கு ஜெட் வந்தாலும் சில நிமிஷம்தான் மிச்சம், அதற்காகக் காத்திருக்காதே.

தனியாக மட்டும் அனுப்பச் சொல்லாதே, நீயே வந்து கூட்டிப்போ. தேதியை எழுது. வாகைக்குளம் வரை நான் காரில் கொண்டுவந்து விடுகிறேன், அப்பாவுக்கு முன் சீட்டு.

உன்,
கணபதி