'விரும்பத்தக்கது' என்ற அந்த ஒரு சொல்

பொருளியல் துறைகளின் முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். நானும் பல ஆண்டுகள் உங்கள் மேசையில் உட்கார்ந்தவன்தான். விண்ணப்பங்களை 'ஆம்', 'இல்லை', 'பார்க்கலாம்' என்று மூன்று கட்டாகப் பிரித்தவன். அதனால் இதில் சொல்லப்போகும் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

போன முறை விண்ணப்பித்த ஒரு மாணவி என்னிடம் வந்தாள். சேர்க்கைக் குறிப்பில், 'ரியல் அனாலிசிஸ் படித்திருப்பது விரும்பத்தக்கது' என்று இருந்திருக்கிறது. எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவிக் காட்டிப் படிக்கும் உயர்கணிதப் பாடம் அது. கட்டாயமா என்று எழுதிக் கேட்டதற்கு, 'இல்லை' என்று ஒரே வரியில் பதில். நம்பிக் கட்டணம் கட்டினாள், மூன்று பேராசிரியர்களிடம் நடையாய் நடந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினாள். இடம் கிடைக்கவில்லை. காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கோப்பைத் திறந்ததும் மதிப்பெண் பட்டியலில் நம் கண் முதலில் தேடுவது அந்தப் பாடத்தைத்தானே? அது இல்லையென்றால், அவள் ராத்திரி பகலாகத் திருத்தித் திருத்தி எழுதிய நோக்க அறிக்கையின் இரண்டாம் பத்தியை யார் படிக்கிறோம்?

கணிதமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதலாண்டில் நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பொருளாதார அளவையியல் மூன்றும் சேர்ந்து தலையில் இறங்கும். எல்லாச் சந்தைகளிலும் தேவையும் அளிப்பும் ஒத்துப்போகும் சமநிலை ஒன்று இருக்கும் என்று 1954இல் பொருளியலாளர்கள் ஆரோவும் டெப்ரூவும் நிறுவியதைப் படிக்க, குவிகணம், நிலைப்புள்ளித் தேற்றம் போன்ற கணிதமெல்லாம் பழகியிருக்க வேண்டும். நான் பழகாமல் போய், தகுதித் தேர்வில் முதல் முறை தோற்றவன். அப்புறம் தேறினேன், ஆய்வேடு முடித்தேன், வேலை கிடைத்தது, பேராசிரியரும் ஆனேன். அந்தத் தேற்றத்தை என் ஆய்வில் இன்றுவரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

எலினோர் ஆஸ்ட்ரமை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் பெண்பிள்ளை என்பதால் மேற்கொண்டு கணிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குறையைக் காரணம் காட்டித்தான் கலிபோர்னியாவில் பொருளியல் முனைவர் பட்ட ஆசையை விடச் சொன்னார்கள். அவர் அரசியல் அறிவியலுக்குப் போய் 1965இல் பட்டம் வாங்கினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். நாம் 'இல்லை' கட்டில் போட்டவர்களில் எத்தனை ஆஸ்ட்ரம் இருந்தார்களோ!

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டாயம் என்றால் கட்டாயம் என்றே அச்சிடுங்கள். எந்தப் பாடம், எவ்வளவு ஆழம் என்றும் எழுதுங்கள். பட்டப்படிப்பு முடிந்தபின் வேறெங்காவது அந்தப் பாடத்தைப் படித்துத் தேறியிருந்தால், அதையும் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக இருந்தவருக்குத்தான் இடம் என்று உள்ளுக்குள் முடிவு செய்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அவ்வளவு காலம் குறைந்த சம்பளத்தில் காத்திருக்க எல்லோர் வீட்டிலும் வசதி இருக்காது.

அந்த மாணவி இப்போது வேலை முடிந்து வந்து இரவில் அந்த ரியல் அனாலிசிஸின் எப்சிலான், டெல்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் விண்ணப்பிப்பாளாம். உங்கள் அடுத்த அறிவிப்பு வெளிவரும் முன் அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பொருளியல் பேராசிரியர்