பெட்டிக்காரர் பேரு எந்த நோட்டீஸ்ல இருக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல நாடக இசையமைப்பாளர்கள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். லண்டன் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் பத்தி விலாவாரியா இருந்துச்சு, ஏ.ஆர்.ரஹ்மான் 2002ல அங்க பாம்பே ட்ரீம்ஸ்ங்குற இசை நாடகத்துக்கு மெட்டு போட்டதும் 2004ல அது நியூயார்க் பிராட்வே மேடைக்கு போனதும் கூட வந்துச்சு, எல்லாம் சரிதான். ஆனா தமிழ்ல இப்படி ஒரு தொழிலே வளரலன்னு ஒரு வரி போட்டுட்டீங்களே, அங்கதான் எனக்கு கோவம் வந்துட்டு.

வளந்துச்சு ஐயா, எழுதி வைக்கத்தான் ஆளில்ல. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதுன வள்ளி திருமணம், பவளக்கொடி எல்லாம் பாட்டாலயே நடக்குற நாடகம்தானே? 1918ல மதுரைல பையங்கள சேத்து அவர் நடத்துன சபாவுல இருந்துதான் பேர்போன நாடக நடிகருங்க டி.கே.எஸ். சகோதரர்களே வந்தாங்க. எங்க நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில்ல பொறந்த கே.வி.மகாதேவன் சினிமாவுக்கு போனாரு, 1967ல வந்த கந்தன் கருணை படத்துக்கு தேசிய விருது வாங்குனாரு, பேரு நிக்குது. மேடையிலயே கிடந்தவங்க பேரு எங்க?

எங்க மாமா, அம்மாவோட அண்ணன், குளச்சல் பக்கம் கோயில் திருநாள் நாடகத்துக்கெல்லாம் பெட்டி வாசிச்சவரு. பெட்டின்னா ஹார்மோனியம். நாடகம் எழுதுறவரு பாட்டு வரிய மட்டும் பேப்பர்ல குடுப்பாரு, மெட்டு மாமா போடணும், அதுவும் பாடுறவன் தொண்டைய பாத்து போடணும். அஞ்சு கட்டை சுருதில ஆரம்பிச்ச ராஜா வேஷக்காரன் நடுராத்திரி தாண்டுனா நாலுக்கு எறங்கிருவான், கண்ண காட்டுனா போதும், மாமா அந்த சுருதிக்கு மாறிருவாரு, ஜனத்துக்கு தெரியவே தெரியாது. எவனாவது வரிய மறந்துட்டா பின்பாட்டுல எடுத்துக் குடுக்கணும், படுதா சிக்கிட்டா அத அவுக்குற வரைக்கும் இழுத்து வாசிக்கணும். ஒரு தடவ வில்லன் சாயா குடிக்க போன எடத்துல பேசிக்கிட்டே நின்னுட்டான், மாமா கால் மணி நேரம் தனியா வாசிச்சாரு, ஜனம் இதுவும் நாடகத்துல உள்ளதுன்னு நெனச்சு கை தட்டுச்சு. வில்லனுக்கு அப்பறம் அந்த அளவுக்கு கைதட்டு கிடைக்கல, அது வேற விஷயம்.

இவ்வளவும் பண்ணுனதுக்கு விடிஞ்சப்பறம் ஒரு வேட்டியும் இருநூறு ரூவாயும். நோட்டீஸ்ல லைட்டு, ஸ்பீக்கர் செட்டு போட்டவன் பேரு கொட்ட எழுத்துல இருக்கும், மெட்டு போட்டவர் பேரு இருக்காது. கடைசியா ஒரு ஊர் கமிட்டி மூணு மாசம் ஒத்திகைக்கு கூப்புட்டு மெட்டெல்லாம் வாங்கிக்கிட்டு, திருநாளுக்கு பதிவு பண்ணுன டிராக்க போட்டு ஓட்டிட்டாங்க. மாமாவ முன்வரிசைல சேர் போட்டு உக்கார வச்சாங்களாம், மரியாதையாம்!

அதுக்கப்பறம் அவரு பெட்டிய தொடல.

அடுத்த கட்டுரைக்கு முன்னாடி குமரி மாவட்டத்துக்கு ஒரு நிருபர அனுப்புங்க ஐயா. மாமாவுக்கு இப்பம் 78 வயசு, காது கொஞ்சம் மந்தம், ஆனா மெட்டு ஒண்ணும் மறக்கல. பாட்டு நோட்டு மூணு இருந்துச்சு, ஒண்ண கரையான் அரிச்சிட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க, அதுவரைக்கும் தூங்குவாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
குளச்சல்.