முதலில் சூடு, அப்புறம் தீனி

நாகர்கோவில்

அன்புள்ள மக்களே,

நேற்று ராத்திரி போனில் நீ பதறினது இன்னும் காதிலேயே இருக்கிறது. பொரிந்து மூன்று நாளான ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிக் குஞ்சு கூண்டுத் தரையில் கிடந்தது, கையில் எடுத்தால் ஐஸ் மாதிரி இருந்தது, உடனே பஞ்சில் நனைத்துப் பால் விட்டேன் என்றாய். பால் விட்டதுதான் தப்பு. போனில் அதை விளக்க நேரமில்லை, அதனால் எழுதுகிறேன்.

குளிர்ந்துபோன குஞ்சுக்குச் செரிமானம் ஓடாது. அந்த நிலையில் வாய்க்குள் எது போனாலும் கழுத்துப் பக்கத்துத் தீனிப்பையில் கிடந்து புளிக்கும், இல்லையென்றால் மூச்சுக்குழலில் இறங்கும். பால் இன்னும் மோசம், பறவைக்குப் பால் செரிக்காது. இனி ஒரு குஞ்சு தரையில் கிடந்தால் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பொத்தி வை. லேசாக வாயால் ஊது. பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ ஆகும். வெளிறிக் கிடந்த தோல் ரோஸ் நிறத்துக்கு வரும், கால் உதைக்கும், கடைசியில் தலையைத் தூக்கி வாயைப் பிளக்கும். செத்தது என்று தோன்றுகிற குஞ்சுகூடச் சில நேரம் இப்படி எழும்பிவிடும், அதனால் அவசரப்பட்டுக் குழி தோண்டாதே. வாயைப் பிளந்ததும் நீ ஊட்ட வேண்டாம், கூட்டுக்குள் கூடப்பிறந்ததுகளோடு வைத்துவிடு. மனுஷர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வார்கள். வீட்டில் வளர்கிற ஃபிஞ்சுக்கு அது பொருந்தாது, குஞ்சு சூடாக இருந்து வாயைப் பிளந்தால் அது ஊட்டும்.

தாய் குஞ்சைக் கூட்டிலிருந்து ஏன் தள்ளியது என்பதை அடுத்துப் பார். பெட்டைக்கு வயசு போதாமல் இருக்கலாம். ஜீப்ரா ஃபிஞ்ச் மூன்று மாசத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும், ஆனால் குஞ்சு வளர்க்கிற பக்குவம் அப்போது வராது. ஆறு மாசத்துக்கு முன்னால் கூடு வைக்கவே கூடாது, ஒன்பது மாசம் என்றால் நிம்மதி. இன்னொன்று, அவித்த முட்டையை நசுக்கிக் கொடுக்கிற முட்டைத் தீனி போதாமல் போயிருக்கும். வெறும் தினையைப் போட்டுவிட்டு ஐந்து குஞ்சை வளர்க்கச் சொன்னால், ஊட்ட முடியாத ஒன்றிரண்டை வெளியே தள்ளும். ராத்திரியில் எலியோ பூனையோ கூண்டருகில் வந்து, அடையிலிருந்த பெட்டை திடுக்கிட்டுப் பாயும்போது வயிற்றில் ஒட்டியிருந்த குஞ்சு கூடவே வந்து விழுவதும் உண்டு. உன் வீடு ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இதையும் யோசி. ராத்திரி முழுக்கச் சின்னதாக ஒரு விளக்கு எரியட்டும், பயந்து எழும்பினாலும் கூட்டு வாசல் தெரியும்.

இனி தினமும் நீ பார்க்க வேண்டியது தீனிப்பையைத்தான். மூன்று நாள் குஞ்சின் தோல் கண்ணாடி மாதிரி. கழுத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் பை புடைத்து நிற்கும், உள்ளே தோல் நீக்கின தினை மணி ஒவ்வொன்றும் வெள்ளையாகத் தெரியும், நடுவில் முட்டைக் கரு மஞ்சள் திட்டாக இருக்கும். சாயங்காலம் ஐந்தரை ஆறு மணிக்கு, வெளிச்சம் மங்குவதற்குள் பார். அந்த நேரத்தில் எல்லாக் குஞ்சுக்கும் பை நிறைந்திருக்க வேண்டும், ராத்திரிக்கு அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு. காலையில் பை காலியாக இருந்தால் பயப்படாதே, அது சரியான கணக்கு. காலையிலும் நேற்றைய தீனி அப்படியே கெட்டியாகக் கிடந்தால்தான் கேடு, குஞ்சு குளிர்ந்திருக்கிறது அல்லது பை புளித்திருக்கிறது. பைக்குள் காற்றுக் குமிழி மட்டும் தெரிந்தால் தாய் ஊட்டவில்லை என்று வைத்துக்கொள். பொரிந்த முதல் நாளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. முட்டைக் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இருப்பதால் அரை நாள்வரை அது தாங்கும்.

ஒரே அடையில் பொரிந்த குஞ்சுகளில் பெரிசும் சின்னதும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாளுக்கு ஒன்றாக நாலு முதல் ஆறு முட்டை வரும், மூன்றாவது நாலாவது முட்டைக்கு அப்புறம்தான் ஒழுங்காக அடையிருக்கும், அதிலிருந்து 12 முதல் 14 நாளில் பொரியும். கடைசி முட்டை ஒரு நாள் பிந்தினாலே அந்தக் குஞ்சு போட்டியில் தோற்கும். பிறக்கும்போது ஒரு கிராம்கூட இல்லாத உயிர், அண்ணன்மார் கழுத்தை நீட்டினால் இதன் வாய் தெரியவே தெரியாது. அதைக் காப்பாற்ற, பெரிய குஞ்சுகளை அரை மணி நேரம் சூடான துணிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுச் சின்னதை மட்டும் கூட்டில் விடு. தாய் வந்து அதற்கே ஊட்டும். நாளுக்கு இரண்டு தடவை போதும்.

அடையிருக்கத் தொடங்கின ஆறாம் நாளில் போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார். உள்ளே சிவப்பு நரம்பு வலை மாதிரி ஓடினால் கரு பிடித்திருக்கிறது. மஞ்சளாகத் தெளிந்து கிடந்தால் கூமுட்டை. கூமுட்டையை உடனே தூக்கிப் போடாதே. குஞ்சு ஒன்றோ இரண்டோதான் பொரியும் என்றால் அந்த முட்டை அதுகளுக்குச் சாய்ந்துகொள்ள ஆகும், சூட்டையும் பிடித்து வைக்கும்.

கூட்டுக்கு மண்கலம் வாங்கினது நல்லது, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கலாம் என்பதற்காகவே எனக்கு மரப்பெட்டியைவிட அது பிடிக்கும். ஆனால் அடிப்பகுதி வழுவழுப்பாக இருப்பதால் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் அகன்றுவிடும், அப்புறம் அது நிற்கவே நிற்காது. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு நறுக்கின தும்பு போடு. தேங்காய்த் தொண்டிலிருந்து உரித்து, வெயிலில் காயவைத்து, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. நீளத் தும்பு, நூல், தலைமுடி, பஞ்சு எதுவும் ஆகாது, குஞ்சின் காலில் சுற்றி இறுகிக் கால் கறுத்து உதிர்ந்துவிடும். முதல் முட்டையைப் பார்த்ததும் கூண்டில் மிச்சமிருக்கிற தும்பு, புல் எல்லாவற்றையும் வெளியே எடு. சேவலுக்குக் கூடு கட்டுகிற வெறி அடங்காது. கிடைத்ததைக் கொண்டுவந்து முட்டைமேல் பரப்பும், பெட்டை அதன்மேல் புதிதாக முட்டையிடும், அடியில் கிடப்பது குளிர்ந்து சாகும்.

தீனியில் நீ ஏமாந்திருப்பாய் என்று நினைக்கிறேன். கடையில் தினையரிசி வாங்கினாயா, உமியோடு தினை வாங்கினாயா? உமி நீக்கினது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், முளைக்கவும் முளைக்காது. உமியோடு உள்ள தினையும் பனிவரகும்தான் வேண்டும். வாங்கினதில் 100 மணியை ஈரத்துணியில் கட்டிவை, மூன்று நாளில் 80-க்கு மேல் முளைத்தால் விதை நல்லது. தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றினாலும் ஊதிப் பார். குருவி மணியைத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போடும், மேலே பார்க்கும்போது கிண்ணம் நிறைந்தே தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. அப்படிப் பட்டினியால் போன அடைகள் நிறைய.

குஞ்சு இருக்கும்போது முளைவிட்ட தினை கொடு. எட்டு மணி நேரம் ஊறவை, பிறகு வடிகட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலசு, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் நல்ல தண்ணீரில் கழுவிப் போடு. முகர்ந்து பார், கொஞ்சம் புளிப்பு வாடை வந்தாலும் கொட்டிவிடு. குலசேகரம் பக்கத்து மழையில் இது சீக்கிரம் கெடும். இங்கே நாகர்கோவில் வெயிலில் நடக்கிற கணக்கு அங்கே நடக்காது. அவித்த முட்டையை ஓட்டோடு நசுக்கி, ஒரு ஜோடிக்கு ஒரு டீஸ்பூன், காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதே. முருங்கைக்கீரை, கதிர்விட்ட அறுகம்புல் எல்லாம் கழுவிக் கொடுக்கலாம். உப்புப் போட்ட எதுவும் கூடாது, வெண்ணெய்ப்பழம் கிட்டவே போகக்கூடாது, அது பறவைக்கு விஷம்.

சுண்ணாம்புச் சத்து போதாமல் போனால் பெட்டைக்கு முட்டை உள்ளேயே மாட்டும். தரையில் உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, காலை அகட்டி உட்கார்ந்திருக்கும், வால் ஏறி இறங்கும். அழுத்தி எடுக்கப் போகாதே. உள்ளே உடைந்தால் பெட்டை பிழைக்காது. ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து ஒரு பக்கத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்ப் போடு, எல்.ஈ.டி. பல்பில் சூடு வராது. உள்ளே 30 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், ஈரத்துணி ஒன்றும் வை, மறுபக்கம் விலகிப்போக இடம் வேண்டும். உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடு. இது வராமல் இருக்கத்தான் கணவாய் மீனின் ஓடு. முட்டம் கடற்கரையில் ஒதுங்குவதை எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று நாள் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்துக் கூண்டுக் கம்பியில் செருகு. காலை வெயிலும் அரை மணி நேரம் படவேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் பிரயோஜனம் இல்லை.

உனக்கு அங்கே பெரிய எதிரி முசுறு என்கிற சிவப்பு எறும்பு. ஒரு ராத்திரியில் அடை முழுவதையும் முடித்துவிடும். கூண்டை நாலு கால் ஸ்டாண்டில் வைத்து, கால் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றின சிரட்டைக்குள் நிறுத்து, இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று, இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். கூண்டு சுவரிலோ கொடியிலோ ஒட்டக்கூடாது. கொசுவர்த்திச் சுருளும், ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையின் புகையும் குருவியின் நுரையீரலுக்கு ஆகாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக் கூண்டை வை.

எட்டாம் ஒன்பதாம் நாளிலிருந்து இன்னொரு ஆபத்து உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. கண் திறக்கும், சிறகுக் குருத்து குத்தி நிற்கும், தாய் ராத்திரி அணைப்பதைக் குறைக்கும். நாலு குஞ்சு இருந்தால் ஒன்றை ஒன்று அணைத்துச் சமாளிக்கும். ஒரே ஒரு குஞ்சாக இருந்தால் ஆடி மழையில் விடியற்காலை மூன்று மணிக்கு விறைத்துவிடும். அந்த நாட்களில் வெந்நீர் நிரப்பின பாட்டிலைத் துணியில் சுற்றிக் கலத்தின் வெளிப்புறம் ஒட்டி வை. கரண்ட் போனாலும் இது கைகொடுக்கும்.

சூடு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில், இந்தக் குருவியின் சொந்த ஊரில், 26 டிகிரிக்கு மேல் வெப்பம் போகும்போது தாய் தகப்பன் அடை முடிகிற கடைசி நாட்களில் முட்டையைப் பார்த்துத் தனியாக ஒரு குரல் கொடுக்குமாம். அதைக் கேட்டுப் பொரிந்த குஞ்சுகள் வெக்கையில் உடம்பைச் சின்னதாக வைத்து வளர்கின்றன என்று 2016-ல் டீக்கின் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு அந்த இடத்துச் சூட்டுக்குத் தயாராகிறது, அதனால்தான் அடைக் காலத்தில் கூண்டை இடம் மாற்றாதே என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தாய் தகப்பன் இரண்டுமே ஊட்ட மறுத்தால் பெங்காலி ஃபிஞ்ச் ஜோடிக்கு மாற்றிவிடுவதுதான் நல்ல வழி. அதன் குஞ்சும் இதுவும் இரண்டு நாள் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். வயலில் வலை வைத்துப் பிடித்த புள்ளிச் சில்லையை யாராவது கொண்டுவந்து, இதுவும் அதே ஜாதிதான், அடைக்கு வைத்துக்கொள் என்றால் வாங்காதே. நம்மூர்க் காட்டுக் குருவியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதுவும் பாவம்.

கையால் ஊட்டுவது கடைசி வழி. கடையில் கிடைக்கிற குஞ்சுத் தீனிப் பொடியை 39 டிகிரி வெந்நீரில் கலக்கு. முதல் நாளில் நீர் மாதிரி, பிறகு கஞ்சிப் பதம். 42-க்கு மேல் போனால் பை வெந்துவிடும், அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் ஊட்டாதே. ஒரு மில்லி சிரிஞ்சால், வாயைப் பிளக்கும்போது துளித் துளியாக விடு. முதல் வாரம் விடிந்ததிலிருந்து ராத்திரி பத்துவரை மணிக்கு ஒரு தடவை, குஞ்சை வைத்திருக்கிற பெட்டிக்குள் 36 டிகிரி.

18 முதல் 21 நாளில் குஞ்சு வெளியே வரும். அன்றைக்குக் குச்சிகளைத் தாழ்த்திக் கட்டு, ராத்திரி கூட்டுக்குள் எடுத்து விடு. தானே உமி உரித்துத் தின்பதைப் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும், 35 நாளுக்கு முன்னால் வேண்டாம். பெட்டை அதற்குள் மறுபடி முட்டையிடப் பார்க்கும், சேவல் கூடு மெத்தைக்குக் குஞ்சின் சிறகைப் பிடுங்கும். கலத்தை எடுத்துவிடு. வருஷத்துக்கு மூன்று அடைக்கு மேல் விட்டால் பெட்டை தேய்ந்துபோகும்.

சனிக்கிழமை குலசேகரம் பஸ்ஸில் அப்பா வருகிறார். வடசேரி சந்தையில் வாங்கின தினை இரண்டு கிலோவும், ஊறவைத்துக் காயவைத்த கணவாய் ஓடு ஆறும் கொடுத்துவிடுகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீனிப்பையைப் பார்த்துவிட்டு, எத்தனை குஞ்சுக்கு நிறைந்திருக்கிறது என்று போன் பண்ணு.

உன் அம்மை