செயலாளரின் ஆண்டறிக்கை: பாக்கோலோட் நகரின் மஞ்சள் அணியைப் பற்றி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தோரே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் ஒரு காற்பந்துக் கழகத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டு மாதக் கூட்டங்களில் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டுக்கு எந்தக் கழகம் என்று கேட்டபோது ஐரோப்பியப் பெயர்கள் பல முன்வைக்கப்பட்டன. ஆனால் சென்ற பொதுக்கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பையிலிருந்து ஒரு மஞ்சள் கழுத்துத்துண்டை எடுத்து மேசைமேல் விரித்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூரின் ஜாலான் புசார் அரங்கில் நம் ஊர் ஹோம் யுனைடெட்டும் பிலிப்பீன்ஸின் செரெஸ்-நெக்ரோஸும் மோதிய அன்று, தம் ஹோம் யுனைடெட் துண்டைப் பக்கத்தில் நின்ற பிலிப்பீன்ஸ் ரசிகர் ஒருவரிடம் கொடுத்து, அவர் கழுத்தில் கிடந்ததை இவர் வாங்கி வந்திருக்கிறார். ஓரத்து நூல் பிரிந்திருக்கிறது. துவைத்துத் துவைத்து எழுத்துகள் மங்கியிருக்கின்றன. அந்தத் துண்டில் உள்ள பெயரில் இன்று எந்தக் கழகமும் ஆடவில்லை என்று அவர் சொன்னதும், இவ்வாண்டின் பொருள் முடிவாயிற்று.

உறுப்பினர் சேர்க்கை, சந்தா, வரவு செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்க இருப்பதால், இவ்வறிக்கையை அக்கழகத்தின் வரலாற்றுக்கும் அதையொட்டி நாம் செய்த பணிகளுக்கும் மட்டும் ஒதுக்குகிறேன்.

முதல் இரு கூட்டங்களில் கழகம் பிறந்த சூழலைப் பற்றிப் பேசினோம். பிலிப்பீன்ஸில் கூடைப்பந்துதான் முதன்மையான ஆட்டம். தெருமுனைகளில்கூட வளையம் தொங்கும். ஆயினும் மேற்கு விசாயஸ் பகுதி அன்று முதல் காற்பந்து மண்ணாகவே இருந்து வந்திருக்கிறது. பார்சலோனாவுக்கு ஆடிப் புகழ்பெற்ற பவுலினோ அல்காந்தரா 1896இல் பிறந்தது இலோயிலோவில். நீரிணைக்கு இக்கரையில், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த நெக்ரோஸ் தீவில் இருக்கிறது பாக்கோலோட். 2010 டிசம்பரில் பிலிப்பீன்ஸ் தேசிய அணி ஹனோயில் வியட்னாமை 2-0 என்று வென்று தென்கிழக்காசியாவைத் திகைக்க வைத்தது. அடுத்த இரண்டு மாதங்களில் அதே அணி பாக்கோலோட்டின் பனாஅட் அரங்கில் மங்கோலியாவை எதிர்கொண்டு அங்கும் 2-0 என்று வென்றது. 'பனாஅட்' என்றால் அவ்வட்டாரத்தின் ஹிலிகாய்னோன் மொழியில் நேர்த்திக்கடன், வாக்குறுதி என்று பொருள். அன்றைய கூட்டத்தைக் கண்ட ஊருக்குத் தனக்கென ஒரு கழகம் வேண்டும் என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை.

அந்த ஆசைக்கு உருக்கொடுத்தது ஒரு பேருந்து நிறுவனம். 1968இல் யான்சன் குடும்பம் தொடங்கிய வல்லகார் டிரான்சிட், வல்லடோலிட், லா கார்லோட்டா என்னும் இரண்டு ஊர்களின் பெயர்களை இணைத்துத் தன் பெயரை அமைத்துக்கொண்டது. அதன் மஞ்சள் பேருந்துகளில் 'செரெஸ்' என்று எழுதியிருக்கும். லியோ ரே யான்சன் முன்னின்று, லா சால் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, 2012இல் செரெஸ் லா சால் என்ற பெயரில் அணியை அமைத்தார். பேருந்தின் மஞ்சளே சட்டையின் நிறமாயிற்று. 'பஸ்மென்' என்பதே ரசிகர்கள் அழைக்கும் பெயராயிற்று. செல்வர் ஒருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கும் கழகங்கள் உண்டு. இது அப்படியன்று, தினமும் வேலைக்குப் போக ஏறும் வண்டியின் பெயரே ஞாயிற்றுக்கிழமை கத்தும் பெயரும் ஆனதால்தான் ஊர் அதை உடனே தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது என்று நான் கருதுகிறேன்.

அப்போதைய யுனைடெட் காற்பந்து லீக் பெரும்பாலும் தலைநகர் வட்டாரத்திலேயே நடந்தது. வெளித்தீவு அணி ஒன்று கடல் தாண்டிச் சென்று ஆடி, இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி, 2015இல் முதல் பிரிவின் பட்டத்தையும் வென்றதை மூன்றாம் கூட்டத்தில் விரிவாகப் பேசினோம். அவ்வாண்டு வந்து சேர்ந்த ஸ்பானிய முன்கள வீரர் பியன்வெனிடோ மரன்யோன், பின்னர் ஆசியக் கழகங்களுக்கான ஏஎஃப்சி கிண்ண வரலாற்றிலேயே மிகுதியான கோல் அடித்தவராக விளங்கினார். ஜெர்மனியில் பிறந்து அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பூண்டஸ்லீகாவில் ஆடிய ஷ்டெஃபான் ஷ்ரொக் அணித்தலைவரானார். பயிற்றுநராக வந்தவர் ஸ்பெயினின் ரியால் பெட்டிஸின் முன்னாள் தற்காப்பு வீரர் ரிஸ்தோ விடாகோவிச். 2017இல் பிலிப்பீன்ஸ் காற்பந்து லீக் எட்டுக் கழகங்களுடன் தொடங்கியபோது அணி செரெஸ்-நெக்ரோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு முதல் பட்டத்தை வென்றது. 2018இலும் 2019இலும் பட்டத்தைத் தக்க வைத்தது. 2019 பருவத்தை ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முடித்தது.

இனி நம் ஊரைத் தொட்ட பகுதிக்கு வருகிறேன். 2017 ஏஎஃப்சி கிண்ணத்தில் செரெஸ், அரையிறுதியில் மலேசியாவின் ஜொகூர் டாருல் தாக்சிமைக் கடந்து, ஆசியான் வட்டார இறுதியில் ஹோம் யுனைடெட்டைச் சந்தித்தது. ஜாலான் புசாரில் நாம் 2-1 என்று வென்றோம். ஆட்டம் முடிந்து தேக்கா பக்கம் நடந்து தேநீர் அருந்தியபடி, ஒரு கோல் போதும், கிண்ணம் நம் கையில் என்று பேசிக்கொண்டதை அன்று உடனிருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. அடுத்த வாரம் பனாஅட்டில் செரெஸ் 2-0 என்று வென்று, கூட்டுக் கணக்கில் 3-2 என வட்டாரக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் பிலிப்பீன்ஸ் கழகம் அதுவே. மறு ஆண்டும் இவ்விரு அணிகளே வட்டார இறுதியில் மோதின. அம்முறை ஹோம் யுனைடெட் கூட்டுக் கணக்கில் 3-1 என்று வென்றது. ஆளுக்கொரு முறை என்று கணக்கு நேரானது. 2018 ஜனவரியில் ஆசிய வெற்றியாளர் லீக் தகுதிச் சுற்றில் செரெஸ் பிரிஸ்பனுக்கே சென்று பிரிஸ்பன் ரோரை 3-2 என்று வீழ்த்திய ஆட்டத்தின் காணொளியை ஐந்தாம் கூட்டத்தில் திரையிட்டோம். தோற்ற வட்டார இறுதியை நினைத்து முகம் சுளித்தவர்களும் எழுந்து கைதட்டினார்கள்.

2020 தொடக்கத்தில் அணி பாங்காக்கில் போர்ட் கழகத்தை 1-0 என்று வென்று தோக்கியோ வரை சென்றது. பிறகு கிருமித்தொற்று வந்தது. பேருந்துகள் நின்றன, பேருந்தின் வருமானத்தில் வாழ்ந்த கழகமும் நின்றது. அவ்வாண்டின் நடுவில் யான்சன் தரப்பு விலகிக்கொள்ள, புதிய உரிமையாளர்கள் கழகத்தை எடுத்து யுனைடெட் சிட்டி என்று பெயரிட்டு, லூசோன் தீவின் தார்லாக் மாநிலத்தில் உள்ள காப்பாஸுக்குக் கொண்டு சென்றார்கள். அவ்வாண்டு லீக் காவித்தே மாநிலத்தின் கார்மோனாவில், பார்வையாளர் இன்றி, மூடிய வளாகத்தில் நடந்தது. யுனைடெட் சிட்டி பட்டத்தை வென்றது. 2021 ஆசிய வெற்றியாளர் லீக்கின் குழுச் சுற்றில், தாஷ்கண்டில், ஜப்பானின் கவாசாகியிடமும் தென்கொரியாவின் தேகுவிடமும் பெருந்தோல்விகளைச் சந்தித்தாலும், இளையோரை அனுப்பியிருந்த பெய்ஜிங் குவோவான் அணியுடன் ஒருமுறை சமன் செய்து, மறுமுறை 3-2 என்று வென்றது. பின்னர் பணநெருக்கடி முற்றி, 2022-23 பருவத்தின் இடையிலேயே லீக்கிலிருந்து விலகியது. மூன்று ஆண்டுகளுக்குள் அனைத்தும் முடிந்துவிட்டது.

ஏழாம் கூட்டத்தில் எழுந்த கருத்து வேறுபாட்டை இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். 2020 பட்டத்தைச் செரெஸின் நான்காம் தொடர் பட்டமாகக் கொள்ளலாமா என்பதே கேள்வி. பதிவேடுகள் அப்படித்தான் சொல்கின்றன. உரிமம் ஒன்று, வீரர்களில் பலர் பழையவர்களே. ஓர் இளைய உறுப்பினர் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். ஆனால் நிறம் மாறி, பெயர் மாறி, அரங்கு மாறி, தீவே மாறிய பின்னும் அதே கழகம் என்றால், பனாஅட்டில் பறை அடித்தவர்கள் யார் என்று மூத்த உறுப்பினர் கேட்டதற்கு அவையில் பதில் இல்லை. அவர் கேட்டதன் பின்னால் நம் சொந்த அனுபவமும் இருந்தது: ஹோம் யுனைடெட்டும் அதே 2020இல்தான் தனியார்மயமாகி லயன் சிட்டி சேலர்ஸ் ஆயிற்று. ஜாலான் புசாரில் கைமாறிய இரண்டு துண்டுகளிலும் இருந்த பெயர்கள் ஒரே ஆண்டில் மறைந்தன. நம் அணிக்குப் பணமும் ஊரும் மிஞ்சின. அதே ஊரில் ஆடி, 2025 மே மாதம் பீஷான் அரங்கில் 'ஆசிய வெற்றியாளர் லீக் இரண்டு' என்னும் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்து ஷார்ஜாவிடம் 2-1 என்று தோற்றது. பாக்கோலோட் ரசிகர்களுக்குத் தோற்பதற்குக்கூட ஓர் ஆட்டம் மிஞ்சவில்லை. இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின், சங்கத்தின் ஏட்டில் செரெஸுக்கு மூன்று பிலிப்பீன்ஸ் காற்பந்து லீக் பட்டங்கள் என்றும், யுனைடெட் சிட்டிக்கு ஒன்று என்றும் தனித்தனியே எழுதுவதென முடிவாயிற்று. இம்முடிவை நான் முழுமனத்துடன் ஆதரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஜூன் பள்ளி விடுமுறையில் உறுப்பினர் மூவர், சொந்தச் செலவில், பாக்கோலோட் சென்று வந்தோம். பனாஅட் அரங்கின் ஓடுதடத்தில் சிறுவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். புல்தரை வெட்டப்பட்டிருந்தது, கோல் கம்பங்கள் வலையின்றி நின்றன. படிக்கட்டு இருக்கைகளில் வெயில் ஏறியிருந்ததால் கைக்குட்டையை விரித்துத்தான் உட்கார முடிந்தது. வாயிலில் இளநீர் விற்ற அம்மையாரிடம் துண்டைக் காட்டினோம். அவர் கத்தியைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, துண்டை இரு கைகளாலும் வாங்கி விரித்து, எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "மரன்யோன்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். இளநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். திரும்பும் வழியில் ஏறிய பேருந்து மஞ்சள் நிறம். பக்கவாட்டில் 'செரெஸ்' என்று எழுதியிருந்தது.

மரன்யோன் 2021இல் சிறப்புச் சட்டத்தின் வழி பிலிப்பீன்ஸ் குடியுரிமை பெற்று, அவ்வாண்டு இறுதியில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியில் அந்நாட்டுக்காக ஆடினார் என்பதை நம்மில் பலர் நேரில் கண்டோம். ஸ்பெயினில் பிறந்த ஒருவர் நெக்ரோஸ் தீவின் வழியே ஒரு நாட்டின் குடிமகனாகி, நம் ஊர்த் திடலில் நின்றது, இக்கழகம் விட்டுச் சென்றவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது.

வரும் ஆண்டுக்குச் செயலவை இரண்டு பணிகளை முன்வைக்கிறது. ஒன்று, 2017, 2018 வட்டார இறுதி ஆட்டங்களின் நுழைவுச்சீட்டு, படம், நிகழ்ச்சிப் புத்தகம் எதுவாயினும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அவற்றைப் படியெடுக்கச் சங்கத்திடம் சில நாள்களுக்குக் கொடுத்து உதவ வேண்டும். மற்றொன்று, நீரிணையின் மறுகரையில் இலோயிலோவில் ஆடி, 2022-23 பருவத்திலும் 2024இலும் லீக் பட்டம் வென்ற காயா கழகத்தின் வரலாற்றை அடுத்த ஆண்டுப் பொருளாக எடுத்துக்கொள்வது. இதைப் பற்றிய தீர்மானம் நிகழ்ச்சிநிரலின் ஆறாம் இனமாக உள்ளது.

மஞ்சள் துண்டை மூத்த உறுப்பினர் சங்கத்துக்கே அன்பளிப்பாக வழங்கியுள்ளார். சட்டமிட வேண்டாம், தொட்டுப் பார்க்கும்படி வையுங்கள் என்பது அவர் விருப்பம்; ஆகவே அது நூலக அலமாரியின் இரண்டாம் தட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்