ஈயத்தைப் பிடிப்பது கால்சியத்தையும் பிடிக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நலப் பக்கத்தில், உடலில் தேங்கிய ‘எல்லா நச்சு உலோகங்களையும்’ சில நாளில் வெளியேற்றும் என்று பச்சைக் கொத்தமல்லிச் சாறு பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். அந்தச் சாறு குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குழாயில் படிந்த அழுக்கைக் கழுவி விடுவதுபோல எழுதியிருந்ததுதான் உறுத்தியது.

உடலில் உலோகம் சும்மா ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. புரதங்களில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தக அணுக்கள் தங்கள் எலக்ட்ரான் இணையைக் கொடுத்து அதைப் பிடித்து வைக்கின்றன. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஹீம் என்ற வளைய மூலக்கூறின் 4 நைட்ரஜன்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். ஐந்தாவது பிடி ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜன். ஆறாவது இடம்தான் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனுக்கு.

ஈயம் கெடுதல் செய்வதும் இதே வழியில்தான். ஹீம் தயாராக உதவும் நொதி ஒன்றில் துத்தநாகத்தை 3 கந்தக அணுக்கள் பிடித்திருக்கின்றன. அந்த இடத்தில் ஈயம் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும் என்பதால், அது வந்ததும் துத்தநாகம் வெளியே தள்ளப்படுகிறது, நொதி முடங்குகிறது. ஈய நஞ்சேறியவர்களுக்கு இரத்தசோகை வர இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஈயத்தை வெளியேற்ற அதைவிட வலுவான பிடி வேண்டும். மருத்துவமனையில் தரும் ஈடிடிஏ (EDTA) என்ற மருந்து 2 நைட்ரஜன், 4 ஆக்சிஜன் என ஆறு இடத்தில் உலோகத்தைப் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், அது கால்சியத்தையும் பிடிக்கும். அதனால்தான் கால்சியம் ஏற்கெனவே சேர்ந்த வடிவத்தைத் தருகிறார்கள். அது ஈயத்தைக் கண்டால் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தோடு சிறுநீரில் போய்விடும். கால்சியம் இல்லாத சோடியம் வடிவத்தை ஏற்றினால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை இப்படி 2 குழந்தைகள் உட்பட 3 பேர் இறந்தார்கள். சரியான வடிவத்தைக் கொடுத்தாலும் உடலுக்குத் தேவையான துத்தநாகம் கொஞ்சம் சேர்ந்தே போகும், சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு 1956-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் வால்ஷே கொண்டுவந்த பெனிசிலமின் என்ற மருந்தும், இப்படி உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் வகைதான். எந்த உலோகம், எவ்வளவு மிகை என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். ‘எல்லா நச்சு உலோகங்களையும்’ பிடித்து, நல்லதை மட்டும் விட்டுவிடும் சாறு என்று சொன்னால், அந்தச் சாறு எந்த அணுவால் எதைப் பிடிக்கிறது என்று கேட்கத் தோன்றாதா?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பழைய பேட்டரி உடைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள், ஈயம் கலந்த பழைய பெயின்ட் உதிரும் வீட்டில் குழந்தை வளர்ப்பவர்கள் முதலில் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்க வேண்டும். அப்புறம் அது எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்த வேண்டும். மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
திருச்சி