படத்துக்குக் கீழே அவர்கள் பெயரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் சொல்லப்படாத வாழ்க்கையை இன்றைய கலைஞர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஊன்றிப் படித்தேன். பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா தாமே வேடம் புனைந்து படமாக நிற்பதையும், அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ வரலாற்றுப் பெண்கள் 39 பேருக்கு விருந்து மேசை அமைத்து, தரையில் இன்னும் 999 பேரின் பெயரை எழுதிவைத்ததையும் கட்டுரையாளர் அருமையாக விளக்கியிருந்தார். ஆனால் பக்கத்தில் அச்சாகியிருந்த படம் என்னை உறுத்தியது. குனிந்து நாற்று நடும் பெண்கள். முதுகு தெரிகிறது, சேற்றுக்குள் கை தெரிகிறது, முகம் தெரியவில்லை. கீழே ‘காவிரி டெல்டாவில் நடவுப் பணி’ என்று ஒரு வரி. எடுத்தவர் பெயர் இருந்தது. நட்டவர்கள் பெயர் இல்லை.

நான் பாபநாசம் பக்கத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ‘எங்கள் ஊர்’ வரையச் சொன்னால் பிள்ளைகள் கோபுரம், தென்னை, ஆறு வரைந்துவிட்டு வயலில் வரிசையாக முதுகுகளை வரைவார்கள். அவர்களில் பலருக்கு அம்மாவே நடவுக்குப் போகிறவர். அம்மா முகம் பிள்ளைக்குத் தெரியாதா? காலண்டரிலும் ஓட்டல் சுவரிலும் பார்த்ததெல்லாம் முதுகு என்பதால் கையும் அதையே வரைகிறது. டெல்டாப் பெண்ணை வரைந்த ஓவியங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் இன்னார் என்று சொல்லும்படி ஒருத்தியாவது இருக்கிறாளா? நடவாட்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள் என்பதால், இது தற்செயலாக நேர்ந்த விடுதல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தனைக்கும் பெண்களின் பெயரை எழுதிவைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில், தானும் தன் அக்கனும் (அக்காளும்) தன் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டு, ஆடல் பாடல் முதலிய கோயில் பணிக்காக அங்கே குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகச் சொல்கிறது. திருவையாறு, திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று வந்த ஊர், குடியிருக்கும் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு 100 கலம் நெல். சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி என்று அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தெருவே எழுந்து வரும்.

நெல் அளப்பதற்காக எழுதிய கணக்குதான் அது. வரச் சம்மதமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா, விட்டு வந்த ஊரை நினைத்து அழுதார்களா, அதெல்லாம் கல்லில் இல்லை. அந்தக் கணக்குக்கு அப்பால் இருப்பதை ஒரு கலைஞர்தான் தேடிப் போக முடியும். ஜூடி சிகாகோவும் உடன் இருந்தவர்களும் 999 பெயரைத் தேடித் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. நமக்கோ 400 பெயர் முகவரியோடு கிடைத்திருக்கிறது!

அந்தப் பெண்களுக்காகத் தஞ்சாவூரில் ஒரு கண்காட்சி வைக்கலாம். கோயில் உலக மரபுச் சின்னம். அங்கே எதையும் வைக்கக் கூடாது. அரண்மனை வளாகம் இருக்கிறது, தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவிகளிடம் இந்த 400 பெயரையும் கொடுத்து, தஞ்சாவூர் நெட்டியிலோ (நீர்ச்செடித் தண்டிலோ) கோரையிலோ ஆற்று மண்ணிலோ ஆளுக்குச் சில பெண்களை உருவாக்கச் சொல்லலாம். கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்கு ரயிலேறிப் போய்ப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தத் திறமை நிச்சயம் உண்டு.

தியாகராஜர் சமாதிக்காகத் தன் நகைகளை விற்று, திருவையாற்றில் பெண்கள் பாடக் கூடாது என்றபோது அவர்களுக்கென்று தனி விழாவே நடத்திய பெங்களூர் நாகரத்தினம்மாளையும், கிராப்பு வெட்டி வேட்டி கட்டிக்கொண்டு விவசாயக் கூலிகளைத் திரட்டிய மணலூர் மணியம்மையையும் அந்த அரங்கில் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் அவர்கள் பெயராவது நிலைத்துவிட்டது. இன்று திருவாரூர்ப் பக்கம் களை பறித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத்தான் முதல் இடம் வேண்டும். அவள் பெயரைக் கேட்டு, அவள் சம்மதத்தோடு, உட்கார வைத்து வரைந்த நாளுக்குக் கூலியும் கொடுத்து வரைய வேண்டும். முடிந்த ஓவியத்தை முதலில் அவள் தெருவில் வைத்துக் காட்ட வேண்டும்.

கண்காட்சிக்கு நாளாகலாம். தங்கள் இதழ் காத்திருக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கியதும் வழக்கம்போல் ஒரு படம் போடுவீர்கள். இந்த முறை புகைப்படக்காரரை வரப்பிலிருந்து இறங்கி, நடுகிறவர்களின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எடுத்தவர் பெயர் அச்சாகும் அதே அளவு எழுத்தில் அவற்றையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.